இயர்பட்ஸ் வாங்குமுன் கடை வாசலில் ஒரு போன் கால்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறைந்த இயர்பட்ஸ் வாங்கப் போனால், டெமோ பீஸை உங்கள் போனில் இணைத்து, கடை வாசலுக்கு வந்து வீட்டுக்கு ஒரு கால் போடுங்கள். இரண்டு காதிலும் மாட்டி ஒரு நிமிடம் பேசுங்கள். பிறகு ஒன்றை மட்டும் சார்ஜிங் கேஸில் வைத்துப் பேசுங்கள், அடுத்து மாற்றிப் பேசிப் பாருங்கள். எதிர்முனையில் "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாலோ, ஹாரன் அடிக்கும்போதெல்லாம் பாதி வார்த்தை காணாமல் போனாலோ அந்த மாடல் வேண்டாம்.

மலிவு மாடல்களில் முதலில் அடிபடுவது மைக்தான். அது வாயைவிட்டுத் தள்ளிக் காதோரம் இருப்பதால் தெருச் சத்தமும் குரலோடு சேர்ந்தே உள்ளே போகும். பெட்டியில் போட்டிருக்கும் இ.என்.சி. (மைக்கில் சேரும் சுற்றுச் சத்தத்தைக் குறைக்கும் வசதி), ஃபேன் இரைச்சல் போன்ற சீரான ஒலியை எளிதில் கழித்துவிடும். திடீர் ஹாரன் வந்தால் தடுமாறிக் குரலையும் சேர்த்து வெட்டும். ஏ.சி. கடைக்குள் நின்று பேசினால் இந்தக் குறை தெரியவே தெரியாது. (ஏ.என்.சி. என்பது வேறு. அது வெளிச் சத்தத்தைக் குறைப்பது உங்கள் காதுக்கு, எதிர்முனையில் இருப்பவருக்கு அல்ல.)

பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் "40 மணி நேரம்" பெரும்பாலும் கேஸையும் சேர்த்த கணக்கு. பட்ஸ் மட்டும் ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பஸ் ஸ்டாப்பில் நின்று இதேபோல ஒரு போன் கால் போட்டுப் பாருங்கள்.