லேசர்–பிளாஸ்மா முடுக்கிகள்: செய்தியிலும் ஆய்வகத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிலோமீட்டர் நீளத் துகள் முடுக்கியை மேசை மேல் அடக்கிவிட்டார்கள் என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. செய்தி பொய்யில்லை, ஆனால் பாதிதான். இதை வாசிக்கிறவர்களும் இந்தத் துறைக்குள் புதிதாக நுழையும் மாணவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். ஒரு பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதோடு சேர்ந்து வரும் மற்ற எண்களை விட்டுவிடுகிறார்கள்.

லேசரே துகளைத் தள்ளுகிறது என்று நினைப்பது

800 நானோமீட்டர் லேசரின் மின்புலம் சுமார் 2.7 ஃபெம்டோ நொடிக்கு (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் 10¹⁵இல் ஒரு பங்கு) ஒரு முழு ஆட்டம் ஆடுகிறது. முன்னும் பின்னும் ஆடும் புலம் எலக்ட்ரானை ஆட்டிவிட்டுப் போகும், ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போகாது. உண்மையில் வேலை செய்வது பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் வாயு. லேசர் துடிப்பு போகும் வழியில் எலக்ட்ரான்களை ஒதுக்கிவிடுகிறது. கனமான அயனிகள் அசையாமல் நிற்கின்றன. ஒதுங்கிய எலக்ட்ரான்கள் திரும்பி ஓடி வரும்போது, படகுக்குப் பின்னால் எழுவது போல ஓர் அலை எழுகிறது. அந்த அலையில் ஏறிக்கொள்ளும் எலக்ட்ரான்தான் முடுக்கப்படுகிறது. 1979இல் தாஜிமாவும் டாசனும் முன்வைத்த யோசனை இது.

உலோகக் குழிகளால் ஆன வழக்கமான முடுக்கியில் மீட்டருக்கு 10 கோடி வோல்ட்டை நெருங்கினாலே மின்பொறி பறக்க ஆரம்பிக்கும். பிளாஸ்மா ஏற்கெனவே சிதைந்த பொருள், இன்னும் சிதைய அதில் ஒன்றுமில்லை. அதனால் மீட்டருக்கு 10,000 கோடி வோல்ட் வரை தாங்குகிறது. அலையை எழுப்ப லேசர்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் 2018இல் புரோட்டான் கற்றையே அலையை எழுப்பி, 10 மீட்டர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களை 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வரை கொண்டுபோனது (100 கோடி வோல்ட்டைக் கடக்கும் ஓர் எலக்ட்ரான் பெறும் ஆற்றல்தான் ஒரு ஜிகா எலக்ட்ரான்வோல்ட்).

பெட்டாவாட் என்றதும் பயந்துவிடுவது

திறன் வேறு, ஆற்றல் வேறு. 40 ஜூல் ஆற்றலை 40 ஃபெம்டோ நொடிக்குள் திணித்தால் ஒரு பெட்டாவாட், அதாவது 10¹⁵ வாட். அதை நொடிக்கு ஒருமுறை சுட்டால் வெளிவரும் ஒளியின் சராசரித் திறன் வெறும் 40 வாட். 1985இல் டோனா ஸ்ட்ரிக்லாந்தும் ஜெரார் முரூவும் கண்ட உத்தி இல்லாமல் இது முடியாது: துடிப்பை முதலில் நீட்டி, பிறகு பெருக்கி, கடைசியில் சுருக்குவது. 2018இல் நோபல் பரிசில் பாதியை இருவரும் பகிர்ந்துகொண்டது இதற்காகத்தான்.

சரி, அப்படியென்றால் செலவு குறைவா? அதுவும் இல்லை. இந்த வகை லேசர்கள் இழுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஒளியாக வெளியே வருவதில்லை. துறையின் உண்மையான தலைவலி இதுதான், பெட்டாவாட் இல்லை.

உச்ச ஆற்றலை மட்டும் பார்ப்பது

இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். 2007இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 42 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களின் ஆற்றல் 85 சென்டிமீட்டர் பிளாஸ்மாவில் இரட்டிப்பானது. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் இரட்டிப்பானது கற்றையின் வால்பகுதியில் இருந்த கொஞ்சம் எலக்ட்ரான்களுக்கு மட்டும்தான். அந்த ஆற்றலைக் கொடுத்ததும் அதே கற்றையில் முன்னால் போன எலக்ட்ரான்கள்தான்.

லேசர் பக்கமும் இதே கதை. பெர்க்லி ஆய்வகம் 2019இல் 20 சென்டிமீட்டரில் 7.8 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டை எட்டியது. நிஜமான சாதனை. ஆனால் அந்த உச்சத்தில் இருந்த மின்னூட்டம் 5 பிக்கோகூலும், அதாவது சுமார் 3 கோடி எலக்ட்ரான்கள். சர்வதேச நேர்கோட்டு மோதுமுடுக்கித் திட்டம் ஒரு கொத்துக்கு 2,000 கோடி துகள்களைக் கேட்கிறது, அதுவும் நொடிக்கு 6,560 கொத்துகள். இந்த எண்ணிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் மிச்சம் என்று தெரியும். எனவே ஒரு முடிவை வாசிக்கும்போது ஆற்றலோடு மின்னூட்டம், ஆற்றல் பரவல், கற்றை விரியும் கோணம், நொடிக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் அதேபோல் வருகிறதா என்று தேடுங்கள். கடைசிக் கேள்விக்குக் கட்டுரைகளில் பதில் கிடைப்பது அபூர்வம். சிறந்த சுடுகையின் படம் மட்டும் முதல் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும்.

அடர்த்தி கூடினால் ஆற்றல் கூடும் என்று கணக்குப் போடுவது

அடர்த்தி கூடினால் முடுக்கும் புலம் கூடும், அது சரி. ஆனால் பிளாஸ்மாவுக்குள் லேசர் துடிப்பு, வெற்றிடத்தில் ஒளி போகும் வேகத்தைவிடச் சற்று மெதுவாகப் போகிறது. எலக்ட்ரான் அதை முந்தி, அலையின் எதிர்ப்பக்கம் வந்து, பெற்ற ஆற்றலை இழக்கத் தொடங்குகிறது. அடர்த்தி கூடக் கூட இது சீக்கிரமே நடந்துவிடும்.

அடர்த்தியை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் புலம் பாதியாகும், ஆனால் முடுக்கக்கூடிய தூரம் எட்டு மடங்காகும். மொத்தத்தில் நான்கு மடங்கு ஆற்றல். பெர்க்லி குழு 2006இல் 3.3 சென்டிமீட்டரில் 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் எட்டியது. அங்கிருந்து 2019க்கு வர அடர்த்தியைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினார்கள். அதற்கு விலை உண்டு. நீளமான பிளாஸ்மாவில் லேசர் விரிந்து சிதறிவிடாமல் வழிநடத்த வேண்டும், லேசர் திறனும் கூட வேண்டும்: 40 டெராவாட்டிலிருந்து 850க்கு.

உச்சத்துக்கு முன்னால் வருவதை மறப்பது

லேசர் துடிப்பின் உச்சம் வருவதற்கு முன்னாலேயே கொஞ்சம் ஒளி கசிந்து வந்துவிடும். வாயு இலக்கில் இது அவ்வளவாகப் படுத்தாது. மெல்லிய உலோகத் தகட்டில் சுட்டுப் புரோட்டான்களை எடுப்பவர்களுக்கு இதுதான் பரிசோதனையையே கெடுக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 10²¹ வாட் செறிவுள்ள துடிப்புக்கு முன்னால், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளி கசிந்து வந்தாலும் அது 10¹⁵ வாட். தகட்டைப் பிளாஸ்மாவாக்க அது தாராளம். முக்கியத் துடிப்பு வந்து சேரும்போது, நீங்கள் வடிவமைத்த தகடு அங்கே இருக்காது.

அளவீட்டையும் கணினியையும் அப்படியே நம்புவது

எலக்ட்ரானின் ஆற்றலைக் காந்தத்தால் வளைத்து, திரையில் எங்கே விழுகிறது என்று பார்த்து அளக்கிறோம். கற்றை காந்தத்துக்குள் நுழையும்போதே சற்றுச் சாய்ந்திருந்தால் அதுவும் ஆற்றல் மாதிரியே தெரியும். ஆற்றல் உயர உயர வளைவு குறையும், பிழை பெருகும். ஒன்றுக்கு இரண்டு திரை வைத்து நுழைகோணத்தைக் கண்டுபிடிப்பது நல்லது.

கணினி உருவகப்படுத்தலில் நேரம் மிச்சம் என்று இரு பரிமாணத்தோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் பிளாஸ்மாவுக்குள் லேசர் தன்னைத்தானே குவித்துக்கொள்வது இரு பரிமாணத்தில் வேறு மாதிரி நடக்கும். போக்கைப் புரிந்துகொள்ள அது போதும். பரிசோதனையின் எண்களோடு ஒப்பிட முப்பரிமாணமோ, உருளைச் சமச்சீரைப் பயன்படுத்தும் முறையோ வேண்டும்.

அணுக்கரு இணைவோடு குழப்புவது

2022 டிசம்பரில் 2.05 மெகா ஜூல் லேசர் ஆற்றல் கொடுத்து 3.15 மெகா ஜூல் பெற்ற இணைவுச் சோதனை வேறு துறை. அங்கே துடிப்பு நானோ நொடிக் கணக்கில் நீளம், நோக்கம் எரிபொருளை நசுக்குவது. இரண்டையும் ஒரே செய்தியில் கலந்து எழுதுவதைப் பார்க்கிறேன்.

மேசை மேல்தானே என்று அசட்டையாக இருப்பது

800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும். மங்கலாகத் தெரிவதால் பலவீனமானது என்று தோன்றும். கற்றையை நேர்ப்படுத்தும்போது, சரியாகத் தெரியவில்லை என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றும் அந்த நிமிடம்தான் ஆபத்தானது. விழித்திரைக்கு ஒரு சிதறல் துடிப்பு போதும். கேமராவோ அகச்சிவப்பு அட்டையோ வைத்துப் பாருங்கள். அப்புறம், ஜிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் எதில் மோதி நின்றாலும் காமா கதிர் கிளம்பும். முடுக்கும் பகுதி உள்ளங்கையில் அடங்கலாம், ஆனால் அதைச் சுற்றி எழுப்பும் கான்கிரீட் சுவரை மேசை மேல் வைக்க முடியாது.