பினாங்கில் சாப்பிட வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களை ஜார்ஜ் டவுன் சந்துகளில் சாப்பிட அழைத்துப் போவது என் பிழைப்பு. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. கை கழுவுவது, குடிதண்ணீர், வயிற்றுக்கான மாத்திரை பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார்.

விலை கேட்காமல் விரல் நீட்டுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

சோற்றோடு பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் விலைப்பட்டியலைத் தேடி உட்கார்ந்திருக்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் பொரித்த கோழி, மீன் தலைக் கறி, கணவாய், மீன் சினை, உள்ளங்கையை மறைக்கும் இறால் எல்லாம் அடுக்கியிருக்கும். உங்கள் முறை வந்ததும் கடைக்காரர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் காட்டியதெல்லாம் தட்டில் ஏறும். கடைசியில் ஒருவர் தட்டைக் கண்ணால் அளந்து தொகையைச் சொல்வார். கோழி, முட்டை, வெண்டைக்காய் என்று நிறுத்திக்கொண்டால் எளிய சாப்பாடுதான். பெரிய இறாலும் மீன் சினையும் வந்துவிட்டால் கணக்கே வேறு. அவற்றின் விலை அளவையும் அன்றைய சந்தையையும் பொறுத்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் வரிசையில் நின்று, ஆளுக்கொரு பெரிய இறாலோடு உட்கார்ந்துவிட்டார்கள். சீட்டு வந்ததும் குடும்பத் தலைவர் எழுந்து நின்று, "தமிழனே தமிழனை ஏமாற்றுகிறானே!" என்று கத்தினார். கல்லாவில் இருந்த பெரியவர் குரலை உயர்த்தவில்லை. "இறாலைக் காட்டும்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். கடையே திரும்பிப் பார்த்தது. பணம் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் பொரித்த கோழியை மட்டும் தின்றுவிட்டு இறாலைத் தொடாமல் எழுந்தார்கள். அன்று மாலை கெக் லோக் சி கோயில் படிக்கட்டு வரைக்கும் அந்த இறால் எங்களுடன் வந்தது.

விரலை நீட்டுவதற்கு முன் "பெராப்பா?" என்று கேளுங்கள். மலாயில் அந்த ஒரு சொல் போதும். பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஓர் இறைச்சி, ஒரு காய் என்று தொடங்குங்கள். இறால் மீது கண் போனால் மேசைக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இதன் தம்பி ஒரு தவறு: குழம்பைத் தனித்தனிக் கிண்ணத்தில் கேட்பது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு வைத்து, ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் கறியுமாகத் தூக்கி வந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. சுமந்து விற்றவரிடம் கிண்ணம் ஏது? "பஞ்சிர்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, இறைச்சிக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சோறு மூழ்கும். அந்தக் கலவையில்தான் ருசி இருக்கிறது. கேம்பல் வீதியில் 1907 முதல் நடக்கும் ஹமீதியாவிலும் கலந்துதான் சாப்பிடுகிறார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சோறு தட்டில் விழுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாட்டுக் கறி உள்ள கடையில் கரண்டிகள் ஒன்றோடொன்று உறவாடும்.

கோப்பித்தியாமில் பானம் வாங்காமல் உட்காருவது

சீனக் காப்பிக் கடைகளில் பெரும்பாலும் மேசையும் பானமும் ஒருவருடையவை. மீ, லக்சா போன்ற நூடுல்ஸ் வகைகளை விற்கும் தள்ளுவண்டிகள் வேறு வேறு ஆட்களுடையவை. உட்கார்ந்ததும் பானம் கேட்க வருவார்கள். கையில் தண்ணீர் போத்தலைத் தூக்கிக் காட்டாதீர்கள். ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) சொல்லிவிட்டு, மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போய் வண்டியில் சொல்லுங்கள். சாப்பாடு மேசைக்கு வந்ததும் அங்கேயே காசு கொடுத்துவிட வேண்டும்.

கோலாலம்பூர் நினைப்பில் ஹொக்கியன் மீ கேட்பது

அங்கே கறுப்பாக வறுத்தது. இங்கே இறால் சூப்பில் மிதப்பது.

"இறைச்சி வேண்டாம்" என்றால் சைவம் என்று நம்புவது

கங்கோங் கீரையில் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் கட்டி) இருக்கும். அசாம் லக்சாவின் சாறே மீன்தான், மேலே கறுப்பாக ஊற்றுவது இறால் விழுது. சார் குவே தியாவ் என்னும் தட்டை அரிசி நூடுல்ஸைப் பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள். "கோழி போடாதீர்கள்" என்று சொன்னால் கோழி போடமாட்டார்கள், அவ்வளவுதான்.

சைவர்களுக்கு இந்த ஊரில் வழி இல்லாமல் இல்லை. ஆனால் நம்மவர்கள் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. சீனச் சைவக் கடைகளில் பல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்க்காதவை. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் நெரியும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது பேரரசர் விழாவின்போது ஊரெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். அதற்காகவே தேதி பார்த்து வரலாம் என்பேன். தட்டில் வாத்து மாதிரியே ஒன்று இருந்தால் பயப்படாதீர்கள், சோயாவாக இருக்கும்.

மூன்று வேளையும் லிட்டில் இந்தியாவில் சாப்பிடுவது

அதற்கு விமானம் எதற்கு?

"இது நம் ஊர்ப் பரோட்டாதானே"

ரொட்டி சானாயைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது. சரி, உறவுதான். ஆனால் பக்கத்தில் மாமாக் மீ கோரேங் வறுபடுகிறதே, அதைப் பாருங்கள். சீனர்களின் மஞ்சள் மீ, தௌஃபூ (சோயாக் கட்டி), உருளைக்கிழங்கு, மிளகாய் விழுது எல்லாம் ஒரு தமிழ் முஸ்லிமின் வாணலியில் புரள்கின்றன. இது மதுரையிலும் இல்லை, சீனாவிலும் இல்லை. ஒப்பிட்டு மதிப்பெண் போட வந்தவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நேரம் பார்க்காமல் அலைவது

கர்னி டிரைவ் கடைகள் பொழுது சாய்ந்தபின் களைகட்டும். பூலாவ் தீக்குஸ் சந்தையைச் சுற்றிய பலகாரங்களுக்குக் காலையில் போங்கள். ரமலான் மாதத்தில் நாசி கண்டார் கடைகள் பல பகலில் மூடியிருக்கும்; பிற்பகலில் ரமலான் சந்தைகள் திறக்கும். அங்கே வாங்கியதை நின்ற இடத்திலேயே பிரித்துத் தின்னாதீர்கள். உங்களுக்கு விற்றவர் நோன்பில் இருக்கிறார்.

தைப்பூசத்தன்று உணவகம் தேடுவது

முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். சோறு, மோர், பானகம் என்று கூப்பிட்டுக் கொடுப்பார்கள். முந்தைய நாள் இரதம் வரும் தெருக்களில் சீனர்களும் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பதைப் பார்க்கலாம். பந்தலில் பணம் நீட்டாதீர்கள், வாங்க மாட்டார்கள். கொஞ்சமாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்த பந்தல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.