ஒகேனக்கல் பரிசலில் ஏறும் முன்

தர்மபுரியிலிருந்து கிளம்பும் முன்பே காவிரியில் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். தண்ணீர் கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். பென்னாகரம் தாண்டிப் போய்விட்டுச் சும்மா திரும்பினால் பிள்ளைகள் முகம் வாடிப்போகும்.

பரிசல் என்பது மூங்கில் பின்னிய வட்டக் கூடைதான். பரிசல்காரர் காட்டும் இடத்தில், எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி உட்காருங்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதுவும் சாயும். படம் எடுக்க எழுந்து நிற்கவே கூடாது. லைஃப் ஜாக்கெட் பட்டையைக் கரையிலேயே இறுக்கிவிடுங்கள். குழந்தைக்குத் தொளதொளவென்று இருந்தால் வேறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அருவிப் பக்கம் போனால் சாரலில் மடி நனையும், செல்போனை பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ளுங்கள். பரிசலைச் சுழற்றியும் காட்டுவார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் ‘அண்ணே, சுத்த வேண்டாம்’ என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். அப்புறம், மீன் வறுவல் கரைக்குத் திரும்பிய பிறகுதான்.