பட்டாளத்திலிருந்து திரும்பியவருக்கு அரசு உதவி: எங்கிருந்து தொடங்குவது?

முன்னாள் படைவீரர்களுக்குத் திட்டங்கள் நிறையவே இருக்கின்றன. அக்கம்பக்கத்து மிலிட்டரிக்காரர் வீடுகளுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகியதில் ஒன்று தெரிந்தது: பெரும்பாலான விண்ணப்பங்கள் தகுதி இல்லாமல் நிற்பதில்லை, பெயர் பொருந்தாமல் நிற்கின்றன. அதனால் முதலில் காகிதம், அப்புறம்தான் திட்டம்.

படி 1: பெயரைப் பாருங்கள்

படைவிலகல் சான்று (டிஸ்சார்ஜ் புத்தகம்), பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கி பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். ஒன்றில் ‘எஸ். முருகன்’, இன்னொன்றில் ‘முருகன் சுப்பையா’, மூன்றாவதில் வெறும் ‘முருகன்’. ஊருக்கு ஒரே முருகன்தான். கணினிக்கு மூன்று பேர். நம் இனிஷியல் வழக்கம் படுத்தும் பாடு இது.

ஆதாரிலோ பாஸ்புக்கிலோ பிழை என்றால் உள்ளூரிலேயே முடித்துவிடலாம். படை ஆவணத்தில் பிழை என்றால் திருத்த வேண்டியது உங்கள் ரெக்கார்டு ஆபீஸ், அதாவது உங்கள் படைப்பிரிவின் ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) காரர்களுக்குப் பெங்களூரில் இருக்கிறது.

மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் படை ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். படைவீரர் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை இது. அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மா சான்று சான்றாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிவரும்.

படி 2: மாவட்ட அலுவலகம்

தமிழ்நாட்டில் இதற்கென்றே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. உதவி இயக்குநர்தான் அங்கே பொறுப்பு. அசல்களோடு போய்ப் பெயரைப் பதிந்து, அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கணவரை இழந்தவர்களுக்கும் தனி அட்டை உண்டு. வேலை தேடுகிறவர் அதையும் அங்கேயே சொல்லிவிடலாம். பிள்ளை பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டைக் கேட்கப்போகிறதா? படைவீரரின் பிள்ளை என்பதைக் காட்டும் சார்ந்தோர் சான்றைக் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள், கூட்டம் தாங்காது.

படி 3: உங்களுக்கு எது பொருந்தும்?

ஹவில்தார் வரையிலான பதவிக்காரர்களுக்கு மத்திய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பு) தரும் உதவிகளை முதலில் பாருங்கள். ஓய்வூதியமே இல்லாமல் வந்து, 65 வயது கடந்து நிலையான வருமானம் இல்லாதவருக்கோ, அப்படிப்பட்டவரை இழந்த மனைவிக்கோ மாதம் 8,000 ரூபாய். 2025 நவம்பருக்கு முன் இது 4,000தான், ஆகவே பழைய தகவலை நம்பி ‘இதற்கு எதற்கு அலைவது’ என்று விட்டவர்கள் மறுபடி கேளுங்கள். மகள் திருமணத்துக்கு 1 லட்சம், இரண்டு மகள்கள் வரை. பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 2,000, இதுவும் இருவர் வரை. விண்ணப்பம் இணையத்தில்தான். இதே காரணத்துக்கு மாநில அரசிடம் பணம் வாங்கியிருந்தால் மறைக்காதீர்கள்.

பிரதமர் கல்வி உதவித்தொகை வேறு. இதற்கு ஓய்வூதியம் வாங்குகிறவரின் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதிகாரிப் பதவிக்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான். தொழிற்படிப்பின் முதலாண்டில் சேர்ந்தவர், அதில் சேர்வதற்கான பிளஸ் 2 போன்ற தகுதித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500.

சொந்தத் தொழில் யோசனை இருந்தால், மாநில அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் 1 கோடி வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம். கடனைத் தருவது வங்கி, அதனால் திட்ட அறிக்கை ஒப்புக்கு எழுதியதாக இருந்தால் எடுபடாது.

படி 4: எங்கேயாவது சிக்கிக்கொண்டால்

கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று குறைதீர் கூட்டம் நடக்கும். தேதி செய்தித்தாளில் வரும். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி, டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது கையில் காட்ட அதுதான் இருக்கும்.