சுவருக்குள் பவளத்தொட்டி: வேலையைப் பின்பக்க அறையிலிருந்து தொடங்குங்கள்

சுவருக்குள் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஹாலில் நின்றுகொண்டுதான் இடம் பார்க்கிறார்கள். நீங்கள் அந்தச் சுவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அங்கே ஸ்டோர் ரூமோ, சர்வீஸ் ஏரியாவோ, அதிகம் புழங்காத சின்ன அறையோ இருந்து, ஒரு ஆள் ஸ்டூல் போட்டு நின்று தொட்டிக்குள் கை விட இடமும், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாயும் தரையில் வடிகாலும் இருந்தால் இந்த வேலையைத் தாராளமாக ஆரம்பிக்கலாம். பின்பக்கம் படுக்கையறை அலமாரிதான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். ஹாலிலேயே ஸ்டாண்டு போட்டு ஒரு தொட்டி வைத்தால் அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பவளத்தொட்டியில் தினமும் ஏதாவது ஒரு கைவேலை இருந்துகொண்டே இருக்கும். கண்ணாடி துடைக்கணும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கப்பைக் கழுவணும், ஆவியான தண்ணீரை ஈடுகட்டணும். கை எட்டாத இடம் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும், அப்படித் தள்ளிப்போட்ட தொட்டிகளில்தான் பவளங்கள் சாகின்றன.

இனி சுவர். இங்கே சென்னை மாதிரி ஊரில் ஒரு ஃபிளாட்டை வைத்துச் சொல்கிறேன். தூண், பீம் எழுப்பி இடையில் செங்கல்லோ பிளாக்கோ வைத்து அடைத்த கட்டடமாக இருந்தால், நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில் திறப்பு வெட்டலாம், மேலே லிண்டல் போட்டாக வேண்டும். பழைய தனி வீடுகளில் ஒன்பது இஞ்ச் சுவரே தளத்தைத் தாங்கி நிற்கும், அதை எஞ்சினியர் பார்க்காமல் தொடவே கூடாது. அப்புறம் மிவான் முறையில் கட்டிய புது அடுக்குமாடிகள் இருக்கின்றன. அவற்றில் சுவரே கான்கிரீட், கட்டடமே அந்தச் சுவர்களின் பலத்தில்தான் நிற்கிறது, அதில் திறப்பு வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. மற்ற வீடுகளில் வெட்டுவதற்கு முன் சுவருக்குள் ஓடும் மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள், அசோசியேஷனில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எடையைக் கணக்குப் போடாமல் யாரும் இதில் இறங்கக் கூடாது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 120 × 60 × 60 சென்டிமீட்டர், அதாவது 432 லிட்டர். கடல்நீர் என்பதால் தண்ணீரே 440 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 85 கிலோவுக்கு மேல், கல்லும் மணலும் ஒரு 60 கிலோ, ஸ்டாண்டு 50, கீழே வடிகட்டும் தொட்டியில், அதாவது சம்ப்பில், இன்னொரு 100 லிட்டர். மொத்தம் 700 கிலோவைத் தாண்டிவிடும், அதுவும் முக்கால் சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில். வீட்டு அறைகளின் தளத்துக்கு ஐஎஸ் 875 தரநிலை வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. தளம் முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு அது என்பதால் தொட்டியை வைத்த உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் மாடியில் வைப்பதானால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் காட்டித்தான் ஆகணும். தடுப்புச் சுவருக்குக் கீழே பல இடங்களில் பீம் ஓடும், ஸ்டாண்டு அதன் மேல் வந்தால் நல்லது. தரைத்தளமாக இருந்தால் கவலை பாதி குறையும்.

தொட்டியின் எடை சுவரில் கொஞ்சமும் இறங்கக் கூடாது, சுவரின் எடை தொட்டியில் கொஞ்சமும் இறங்கக் கூடாது. தொட்டி பின்பக்க அறையில் தன் ஸ்டாண்டில் தனியாக நிற்கும், முன்கண்ணாடி மட்டும் திறப்பை ஒட்டி வரும், நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. திறப்பைத் தொட்டியைவிடச் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சிறியதாக வெட்டினால் தண்ணீர் மட்டமும் மணலின் அடிக்கோடும் மறைந்துவிடும். ஹால் பக்கத்து மரச்சட்டத்தை ஆணி அடித்து நிறுத்தாமல் காந்தத்தில் மாட்டுங்கள், கண்ணாடியின் முன்பக்கத்தைத் துடைக்கக் கழற்ற வேண்டிவரும். உயரத்தைப் பொறுத்தவரை, சோபாவில் உட்கார்ந்தால் கண் மட்டம் தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் வாக்கில் வரும். ஸ்டாண்டு 85, 90 சென்டிமீட்டர் வைத்தால் உட்கார்ந்தவருக்கும் நின்றவருக்கும் சரியாக இருக்கும், சம்ப்புக்கும் இடம் கிடைக்கும். தொட்டியின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது இரண்டடி காலியாக விடுங்கள்.

ஸ்டாண்டை இரும்பில் செய்து எபாக்ஸி பெயின்ட் அடிப்பதுதான் நம் ஊரில் சுலபம். மேல் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடுங்கள், அதன் மேல் தெர்மாகோல் ஷீட், அப்புறம் தொட்டி. நான்கு மூலையிலும் ரசமட்டம் பார்த்த பிறகே தண்ணீர். தொட்டியைக் கொளத்தூர் மாதிரி இடங்களில் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லலாம். முன்கண்ணாடியை மட்டும் பச்சை சாயல் இல்லாத எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடியாகக் கேளுங்கள், ஹாலிலிருந்து பார்க்கும் ஒரே பக்கம் அதுதான். குழாய்க்கான துளைகளைத் தொட்டி ஒட்டுவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள், டெம்பர்டு கண்ணாடியில் துளை போட்டால் நொறுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழாய் வேலையில் அவசரமே கூடாது. மேல் தொட்டியின் மூலையில், வழியும் தண்ணீர் வந்து விழ ஒரு ஓவர்ஃப்ளோ பெட்டி, அதிலிருந்து இரண்டு குழாய் கீழே சம்ப்புக்கு. முதல் குழாயில் கேட் வால்வு வைத்து, குழாய் காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீரால் நிறைந்து ஓடும்படி திருகித் திருகிச் சரிசெய்யணும், அப்போதுதான் கடகட சத்தம் வராது. பால் வால்வில் இந்த நுணுக்கம் வராது. இரண்டாவது குழாய் வாய் கொஞ்சம் உயரத்தில் சும்மா திறந்து நிற்கும், அதில் எந்த வால்வும் கூடாது, முதல் குழாயில் நத்தையோ பாசியோ அடைத்தால் முழுத் தண்ணீரையும் அது ஒன்றே இறக்கிவிட வேண்டும். இந்த அமைப்பை ஹெர்பி என்று சொல்வார்கள்.

இப்போது மின்தடையை நினைத்துப் பாருங்கள். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார் நின்றதும் அதே குழாய் தலைகீழாக உறிஞ்ச ஆரம்பிக்கும். குழாயின் வாய் நீர் மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே இருந்தால் 120 × 60 × 2, பதினாலரை லிட்டர் இறங்கும். வாயை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்திருந்தால் 72 லிட்டர், சம்ப் நிரம்பி அறை முழுக்க உப்புத் தண்ணீர். அதனால் வாயை மட்டத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், சம்ப்பில் குறைந்தது 40 லிட்டர் எப்போதும் காலியாக இருக்கட்டும், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பாதீர்கள், உப்புப் பொறுக்கு பிடித்தால் அது மூடாது. சாதாரணத் தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள், தினமும் பலமுறை ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று உறுதியான பிறகுதான் சுவர்ப் பூச்சும் மரச்சட்டமும்.

மின்சாரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இந்த அறைக்குத் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த்திங். பிளக் பாயிண்டுகள் தண்ணீருக்கு மேலேயோ சம்ப்புக்குப் பக்கத்திலேயோ வேண்டாம், தள்ளி ஒரு பக்கச் சுவரில் இருக்கட்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும். இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் மோட்டாரையும் தொட்டிக்குள் அலை எழுப்பும் ஒரு வேவ்மேக்கரையும் போட்டால் போதும், கரண்ட் இல்லாத நேரத்தில் தண்ணீர் அசைந்து ஆக்சிஜன் ஏறுவதுதான் முக்கியம், விளக்கு எரியாவிட்டால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது.

வெயில்தான் நமக்கு உண்மையான சிக்கல். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்கணும். வெப்பம் 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் திசுவில் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே இது நடந்தது. மூடிய தொட்டியில் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று யோசியுங்கள். சென்னைப் புழுக்கத்தில் மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது அவ்வளவாக எடுபடாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கத்தான் வேண்டும். சில்லர் வெளியே தள்ளும் சூடு திரும்ப அறைக்குள்ளேயே சுற்றினால் பிரயோஜனமில்லை என்பதால் அதைப் பால்கனியிலோ காற்றோட்டமான ஜன்னல் ஓரத்திலோ வையுங்கள். அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் விசிறி கட்டாயம், இல்லையென்றால் ஈரம் தேங்கி பெயின்ட் உரியும், உப்புக் காற்றில் கீலெல்லாம் துருப்பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மெரினாவிலிருந்து கேனில் கொண்டுவரும் யோசனை வேண்டாம், கரையோரத் தண்ணீரில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. சமையலறை ஆர்ஓ தண்ணீரும் போதாது, அதில் சுவைக்காக ஆர்ஓவில் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் அமைப்பு பல மாடல்களில் உண்டு. ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்ச உப்பையும் எடுத்துவிடும் டிஐ குடுவை ஒன்றைச் சேர்த்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரில் ரீஃப் உப்பைக் கரைக்கணும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம், 450 லிட்டருக்கு 16 கிலோ வாக்கில் பிடிக்கும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வரணும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது, அதனால் குறையும் அளவுக்கு உப்புக் கரைக்காத அதே சுத்தத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தானாக ஊற்றும் ஏடிஓ வைத்தால் அதன் வாளி 20 லிட்டருக்கு மேல் வேண்டாம், மிதவை சிக்கிக்கொண்டால் தொட்டி முழுக்க நீர்த்துப்போகும்.

கல் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்பார்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கடின பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, செத்த பவளக் கல்லை வைத்திருப்பதும் குற்றம்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி மன்னார் வளைகுடா ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறது, அதன் 21 தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக்கிக் காக்க வேண்டிவந்தது. நம் ஹாலின் அழகுக்காக அங்கிருந்து இன்னும் ஒரு துண்டு எடுப்பது எனக்குப் பொறுக்காது. நுண்துளைகள் உள்ள செராமிக் கல்லோ, வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுக் காரம் நீக்கிய சிமென்ட் கல்லோ போதும், சில மாதங்களில் நிறம் ஏறி வித்தியாசமே தெரியாது. பவளத்திலும் மென்மையான வகைகளையே எடுங்கள்: லெதர், மஷ்ரூம், ஸோவான்திட், ஸ்டார் பாலிப். யாரோ ஒருவர் தன் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாக இருந்தால் இன்னும் நல்லது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு பில்லோடு வாங்குங்கள்.

ஸோவான்திட் ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது. சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது, ஆவியை மூச்சில் இழுத்து ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

கல்லும் மணலும் உப்புத் தண்ணீரும் வைத்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் உயிர் எதுவும் போடாமல் ஓட விடணும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கும் வரைக்கும். பழுப்புப் பாசி படரும், பிறகு பச்சைப் பாசி வரும், பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். முதலில் நத்தைகள், இரண்டு வாரம் கழித்து ஒரு மஷ்ரூம், அப்புறம் லெதர். மீனைத் தனித் தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் வைத்துப் பார்த்துவிட்டே விடுங்கள், வெண்புள்ளி நோய் உள்ளே வந்தால் பவளத்தொட்டியில் செப்பு மருந்து போட முடியாது, நத்தையும் பவளமும் செத்துவிடும். கோமாளி மீன் வேண்டுமென்றால் பண்ணையில் பொரித்ததையே கேளுங்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் பல காலமாக அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறது, கடலில் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

மென்பவளம் மட்டும் என்றால் கால்சியம், காரத்தன்மைக்குத் தனியாக மருந்து ஊற்றும் வேலை அநேகமாக இல்லை. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றி, காரத்தன்மை டிகேஹெச் என்ற அளவீட்டில் 8, 9-இல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். லெதர் பவளங்கள் பக்கத்தில் இருப்பவற்றின் மேல் ரசாயனம் கக்கும் என்பதால் சம்ப்பில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஊருக்குப் போகிற நாட்களில் கவனித்துக்கொள்ள வீட்டிலோ பக்கத்து ஃபிளாட்டிலோ ஒருவரைப் பழக்கி வையுங்கள், எந்த ஸ்விட்ச் எதற்கு என்று ஒவ்வொரு பிளக்கிலும் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.