டர்பன் பெரியவர்களே, மரத்தடியில் நடக்கும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

அம்மாவுக்கு வயது 74. சனிக்கிழமை காலையில் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு அவரைக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். போன வருஷம் ஒருநாள் பாதி வழியில் அவருக்குக் கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, ரொட்டியை மட்டும் "வந்து சாப்பிட்டுக்கிறேன்" என்று மூடி வைத்திருக்கிறார். நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். பையில் பழச்சாறு இருந்ததால் தப்பித்தோம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் ஆட்களில் சர்க்கரை நோய் எட்டிப்பார்க்காத வீடு குறைவு. அதனால் இதைத்தான் முதலில் சொல்வேன். வெறும் வயிற்றில் நடப்பது எல்லாருக்கும் ஆபத்தில்லை. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம். உங்கள் மாத்திரை எந்த வகை என்று டாக்டரிடமோ கிளினிக் சிஸ்டரிடமோ ஒருமுறை கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்தாலே நல்லது. வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏற்றம் தணியும்.

அடுத்த தவறு, பேரன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் 10,000 காலடி காட்டும்வரை முட்டி வலியோடு நடப்பது. அந்த எண் எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்றுதான் பொருள்படும். அங்கிருந்து பரவியது அது. 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், 60 வயது தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே ஆயுள் சார்ந்த பலன் கிடைத்துவிடுகிறது, அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்புதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

"நடைதானே, மாலில் நடந்தால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். மழை நாளில் மால் நல்லதுதான், தரையும் சமமாக இருக்கும். ஆனால் மரம் தருவது வேறு. டோக்கியோவில் 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டருகே நடக்கத் தோதான பசுமை இடம் இருந்தவர்களில் அதிகம் பேர் உயிரோடு இருந்தார்கள். வசதி, வயது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. பசுமைக்கு நடுவே போகும்போது ஒரே கவலையை மனசு திரும்பத் திரும்ப மெல்லுவது குறைகிறது என்றும் ஆய்வுகள் உண்டு.

அந்தப் பலனைத்தான் வாட்ஸ்அப்பில் குனிந்தபடியே நடந்து நாம் தொலைக்கிறோம். தலையை நிமிர்த்திப் பாருங்கள். 1849-இல் பயிர்களைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிய தோட்டம்தான் இந்தத் தாவரவியல் பூங்கா. நம் முன்னோர் 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கும்போதே இதற்குப் பதினொரு வயது. உள்ளே உட்ஸ் சைக்காட் என்ற, பனை போலத் தோன்றும் அபூர்வ மரம் நிற்கிறது. 1895-இல் இங்கோயே காட்டில் கண்டெடுத்த ஒற்றை ஆண் மரத்தின் வழி வந்தது, இதற்குப் பெண் துணை இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். நிற்பதும் நடையில் சேர்ந்ததுதான்.

கால் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. ஸ்லாப்ஸ் (ரப்பர் செருப்பு) போட்டு வராதீர்கள், குதிகாலைப் பிடிக்கும் டாக்கீஸ் (கான்வாஸ் ஷூ) போடுங்கள், வீடு வந்ததும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். டிசம்பர் மழைக்குப் பின் உதிர்ந்த பூவும் இலையும் பாதையில் ஊறிக் கிடக்கும், வழுக்கும். புல்லுக்குள் போனால் உண்ணி ஏறும். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்து, கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கு தெரிந்தால் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள்.

கோடையில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது, எட்டு மணிக்குள் நடந்து முடித்துவிடலாம். வயதானால் தாகம் மங்கும், ஆகவே தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தண்ணி மாத்திரை (சிறுநீரை அதிகம் போக்கும் மாத்திரை) எடுப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாட்ஸ்வர்த்தில் உள்ள சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம் அழகான இடம், ஆனால் அங்கே தனியாகப் போகாதீர்கள். நாலு பேர் சேர்ந்து போங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, ஒருதரம் தடுக்கி விழுந்ததும் "போதும்பா" என்று வீட்டோடு உட்கார்ந்துவிடுவது. உட்கார உட்காரக் கால் பலம் இழக்கும், அடுத்த விழுகை சீக்கிரம் வரும். 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும். அம்மா இப்போது அரை ரொட்டி சாப்பிட்டுவிட்டு வருகிறார். ஏரிப் பக்கத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று ஒன்று, இரண்டு என்று பத்துவரை உரக்க எண்ணுகிறார். தமிழ் பேசவராத என் மகளும் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்று கூடவே எண்ணுகிறாள். போன வாரம் ஏழில் தடுமாறினாள். அம்மா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.