‘வெறும் வயிற்றுவலி’ என்று அனுப்பும் முன்: குழந்தைகளின் குடல்வால் அழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்தக் கூட்டத்துக்குள்தான் அப்பெண்டிசைடிஸ் எனும் குடல்வால் அழற்சியும் ஒளிந்திருக்கும். பெரியவர்களையும் குழந்தைகளையும் ஒரே வரிசையில் பார்க்கும் பொது மருத்துவமனையில் அதைத் தவறவிடுவது எளிது. தவறவிடுகிற மருத்துவர் இந்த நோயை அறியாதவர் அல்ல. வேறொரு நோயின் பெயர் சட்டென்று கையில் கிடைத்துவிடுகிறது, அதோடு யோசனை நின்றுவிடுகிறது. அவ்வளவுதான்.

அப்படிக் கிடைக்கும் பெயர்களில் முதலாவது, வயிற்றுப்போக்கு நோய். வாந்தி, லேசான காய்ச்சல், நாலைந்து முறை இளகிய மலம் என்று கேட்டதும் குடல் தொற்று என்று எழுதிவிடுகிறோம். ஆனால் இடுப்புக்குழிக்குள் தொங்கும் குடல்வால் வீங்கினால் பக்கத்திலுள்ள மலக்குடலை உறுத்தும். அப்போதும் மலம் அடிக்கடி போகும், கொஞ்சம் கொஞ்சமாக, சில நேரம் சளியோடு. அதனால் எத்தனை முறை போனது என்பதோடு, எவ்வளவு போனது என்றும் கேட்க வேண்டும். முதலில் வந்தது வலியா, வாந்தியா என்பதும் முக்கியம். குடல்வால் அழற்சியில் பெரும்பாலும் வலிதான் முந்தும். குடல் தொற்றில் வாந்தி முந்துவதும், வலி வந்து வந்து போவதும் வழக்கம். இது மாறாத விதி இல்லை. ஆனாலும் போக்கே இல்லாமல் வாந்தியும் வலியும் மட்டும் உள்ள குழந்தைக்குக் குடல் தொற்று என்று எழுதும் கை ஒரு நொடி நிற்கத்தான் வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனையும் இதே போல ஏமாற்றும். வீங்கிய குடல்வால் சிறுநீர்க் குழாயையோ சிறுநீர்ப்பையையோ ஒட்டிக் கிடந்தால் சிறுநீரில் வெள்ளணுக்கள் தெரியும். உடனே சிறுநீர்த் தொற்று என்று முடிவாகிவிடும். மலச்சிக்கல் கதையும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் மலம் தேங்கியிருப்பது நன்றாக இருக்கும் குழந்தைகளிடமும் தெரியும். அது வலிக்குக் காரணம் என்று நிரூபிக்காது.

அடுத்தது வயது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, பசியின்மை, வாந்தி என்பது பாடப்புத்தகக் கதை. பள்ளி வயதிலேயே பல குழந்தைகளிடம் அது முழுசாகக் கிடைக்காது. ஐந்து வயதுக்குக் கீழே கேட்கவே வேண்டாம். சிணுங்கல், காய்ச்சல், உப்பிய வயிறு, நடக்க மறுப்பது, நொண்டுவது. இவ்வளவுதான் இருக்கும். இந்த வயதில் நோய் அரிதுதான், ஆனால் வந்தால் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் குடல்வால் வெடித்திருக்கிறது. வலிக்கும் இடத்தைச் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. கசிவை மூடித் தடுக்கும் கொழுப்புத் திரையும் அவர்கள் வயிற்றில் இன்னும் வளர்ந்திருக்காது, அதனால் சீழ் வேகமாகப் பரவிவிடும்.

பரிசோதிக்கும் முறையில் நாம் செய்யும் பிழையை நான் பெரிதாக நினைக்கிறேன். அவசரத்தில் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி நேராக வலிக்கும் இடத்தில் கை வைத்தால், அது அலறி வயிறு முழுவதையும் இறுக்கிக்கொள்ளும். அப்புறம் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அறைக்குள் எப்படி நடந்து வருகிறது, குனிந்தபடியா என்று முதலில் தள்ளி நின்று பாருங்கள். அம்மாவின் மடியிலேயே வைத்து இடது பக்கத்திலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஒரு காலில் குதிக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். வரும் வழியில் வண்டி குலுங்கியபோது வலித்ததா என்று கேளுங்கள். சரி, வயிற்றோடு நின்றுவிடவும் கூடாது. பையன் என்றால் விதைப்பையைப் பார்க்காமல் விடவே கூடாது, விதை முறுக்கிக்கொண்டாலும் பிள்ளை அடிவயிற்றைத்தான் காட்டும். நுரையீரலின் கீழ்ப்பகுதி நிமோனியாவும், சர்க்கரை நோயில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிப்போகும் நிலையும் வயிற்றுவலியாக வரும்.

ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரியாக இருக்கின்றன, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பி-யும் சரி என்பதால் நிம்மதி அடைய முடியாது. வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் இரண்டுமே ஏறாமல் இருக்கலாம். 2002-இல் வெளியான குழந்தைகளுக்கான அப்பெண்டிசைடிஸ் மதிப்பெண் முறை, அறிகுறிகளையும் ரத்த வெள்ளணுக்களையும் வைத்து 10-க்குக் கணக்கிடும். பொதுவாக 3 வரை குறைந்த ஆபத்து, 7-ம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. நடுவில் நிற்பவர்களுக்கு ஸ்கேனோ, சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி பார்ப்பதோ தேவை. மிகச் சின்னக் குழந்தைகளிடம் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

அல்ட்ராசவுண்டில் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் அமுங்காத குடல்வால் தெரிந்தால் நோய்க்கான வலுவான சான்று. ஆனால் ‘குடல்வால் தென்படவில்லை’ என்ற அறிக்கையை ‘இயல்பாக உள்ளது’ என்று படிப்பது ஆபத்தான தவறு. பார்க்க முடியவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அதற்காக ஒவ்வொரு குழந்தையையும் சி.டி.க்கு அனுப்புவதும் சரியல்ல, கதிர்வீச்சு குழந்தைகளுக்குக் கூடுதல் சுமை.

வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயத்தை விட்டுவிடலாம். மார்ஃபின் கொடுத்தும் நோயைச் சரியாகக் கண்டறிய முடிகிறது. வலி தணிந்த குழந்தை பரிசோதிக்கவும் ஒத்துழைக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் எழுதி வீட்டுக்கு அனுப்புவதுதான் படத்தைக் குழப்பும்.

கடைசித் தவறு, வீட்டுக்கு அனுப்பும்போது வாசலில் நடப்பது. உறுதியாகத் தெரியாதபோது ‘காரணம் தெளிவாகாத வயிற்றுவலி’ என்றே எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி காட்டச் சொல்லி, நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். வலி கூடினால் வாருங்கள் என்பது மட்டும் போதாது. குடல்வால் வெடித்தவுடன் உள்ளே இருந்த அழுத்தம் தளர்ந்து, சில மணி நேரம் வலி குறைந்தது போலத் தெரியலாம். பெற்றோர் நிம்மதியாகத் தூங்கப்போவது அப்போதுதான். வலி குறைந்தாலும் பிள்ளை சாப்பிடாமல், அசையாமல் சுருண்டு கிடந்தாலோ காய்ச்சல் ஏறினாலோ விடியும் வரை காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள்.